மல்லிகைக் கூடையில் போன பால்

ஆவடி, தொழிற்சாலைக் குடியிருப்பு
9.4.1992

மதிப்பிற்குரிய அத்தை லூர்தம்மாள் அவர்களுக்கு,

மருமகன் வேதமுத்து பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் நலம். மூன்றாவது ஆள் மட்டும் ஒரு கிலோ இருநூறு கிராம் அளவுக்கு நலம். வடக்கன்குளத்தில் தங்கள் மூட்டுவலியும் அக்கம்பக்கத்தாரும் எப்படி என்று அறிய ஆவல். பவுடர் பால் டின் வாங்கு, நாக்கில் தேன் தடவு, நான் புறப்பட்டு வருகிறேன் என்று மூன்று கட்டளைகள் எழுதியிருந்தீர்கள். மூன்றுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படிக்கவும்.

இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். தையலில் சீழ் வைத்ததால் தங்கள் மகள் ஞானகுமாரி இங்கே வீட்டில் படுத்திருக்கிறாள். ஆகவே அவள் கையால் பீய்ச்சிக் கொடுக்கும் பாலை, கொதிக்க வைத்த பாட்டிலில் அடைத்து, பக்கத்து வீட்டு ஐஸ் கட்டிகளோடு அகலவாய் பிளாஸ்கில் இறக்கி, தினமும் காலை ரயிலில் கொண்டுபோவது என் வேலை. அங்கே ஜெயகுமாரி சிஸ்டர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து மில்லியாக, மூக்கில் போகும் சன்னக் குழாய் வழியே ஊற்றுவார். பால் இறங்குவதை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். அத்தனை மெதுவாக ஒரு பொருள் இறங்கி நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் தண்ணீருக்கடியில் நிற்பது போலிருக்கும். அப்படியே திரும்பி வந்து மதிய ஷிப்டில் டாங்கி உதிரிப் பாகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதுவும் மூச்சு விடுவது போலத் தோன்றும். ஃபோர்மன் இரண்டு தடவை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை இந்த மிதப்பிலேயே பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டேன். ஏறும்போது பிளாஸ்க் கம்பியில் மோதி, உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. பாட்டில் தப்பித்தது, ஐஸ் தண்ணீர் முழுவதும் என் சட்டையில். கீழே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார். பெயர் பொன்னியம்மா என்று பிறகு தெரிந்தது.

"இன்னா நைனா, லேடீஸ் பொட்டில ஏறிக்கினு தண்ணி ஊத்தறே? அது இன்னா கையில?"

"பால்."

"இன்னா பாலு?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. "தாய்ப்பால். கொழந்தை ஆஸ்பத்திரியில இருக்கு."

"எம்மாம் எடை கீது?"

சொன்னேன். பொன்னியம்மா கூடையின் ஈரச் சாக்கை விலக்கி, மல்லிகைக்கு நடுவில் குழி செய்து, பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்து மூடினார்.

"நீ குந்து நைனா. நின்னுகினே தூங்குறே. எறங்கச் சொல்ல நான் எய்ப்புறேன்."

உட்கார்ந்தேன். அம்பத்தூர் தாண்டியதே தெரியாது. கனவில் பிள்ளை மொட்டு அளவில் இருந்தான். அவனை யாரோ நாரில் கோத்துக்கொண்டிருந்தார்கள், அவனும் ஆட்சேபிக்கவில்லை. ஸ்டேஷன் வந்ததும் பொன்னியம்மாவே எழுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் பாட்டிலை வாங்கியதும் மோந்து பார்த்து, "என்ன வேதமுத்து, பாட்டிலுக்கு சடை பின்னி பூ வச்சீங்களா?" என்றார். வெளியே துடைத்துவிட்டு, உள்ளே பால் சில்லென்று சுத்தமாகத்தான் இருக்கிறது என்றார்.

இதை வீட்டில் சிரிப்புக்காகச் சொன்னேன், அத்தை. சொல்லியிருக்கக் கூடாது. ஞானகுமாரி முகம் வெளுத்துவிட்டது. "மாருல மல்லியப் பூவ வச்சுக் கட்டுனா பால் வத்திரும்னு எங்கம்மா சொல்லுவாங்க. தெரியாதா ஒங்களுக்கு?" என்றாள். பூவை வைத்தது பாட்டிலுக்குத்தானே, உனக்கு இல்லையே என்றேன். எடுபடவில்லை. மறுநாள் பால் பாதியாகக் குறைந்தது. அதற்கு மறுநாள் பாட்டிலின் அடி மட்டும் நனைந்தது. நான் ஜன்னல்களை அடைத்தேன். தெருவில் பூக்காரர் கூவினால் ரேடியோவைத் திருகினேன். ஐஸ் கட்டி கொடுக்கும் பஞ்சவர்ணம் அக்காவிடமே, தலையில் பூ இருந்தால் வாசலோடு நிற்கும்படி சொன்னேன். அவர் அன்று ஐஸ் கொடுக்கவில்லை.

கடைசியில், தாங்கள் எழுதியபடியே ஒரு டின் வாங்கிக்கொண்டு சிஸ்டர் முன் நின்றேன். என்னால்தான் பிள்ளைக்குப் பால் இல்லாமல் போயிற்று என்று சொல்லும்போது, நாற்பது பேர் நிற்கும் வராந்தாவில் அழுதுவிட்டேன்.

சிஸ்டர் டின்னை வாங்கி மேசைக்கடியில் வைத்தார். "இவன் குடல் இன்னும் பிஞ்சு. முந்திப் பொறந்த பிள்ளைக்குன்னே அம்மாகிட்ட தனியா ஊறுது. அது டின்னுல வராது. தேனும் கூடாது. பூ ஒண்ணும் பண்ணலை, வேதமுத்து. அவங்க பிள்ளையைப் பாத்து எத்தனை நாள் ஆச்சு?"

"பதினோரு நாள்."

"தையல் ஆறிடுச்சான்னு காட்டிட்டு, கூட்டிட்டு வாங்க."

நேற்று கூட்டிப்போனேன். சிஸ்டர் பிள்ளையைத் துணி நீக்கி அவள் மார்பில் படுக்க வைத்து, மேலே சேலையைப் போர்த்தினார். ஞானகுமாரி மூச்சுவிடவே பயந்தாள். ஒரு நிமிடம் இருக்கும், ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்து, துளித்துளியாக மடியில் சொட்டியது. அவள் சிரித்தாள், சத்தமில்லாமல். சிஸ்டர் அந்தப் பாலையே மூக்கு வைத்த பாலாடைச் சங்கில் பிடித்து அவன் உதட்டில் வைத்தார். குழாய் இல்லாமல், முதல் தடவையாக, அவனே விழுங்கினான். கதவுக்குக் கீழே காற்று நுழைவது போல ஒரு சின்னச் சத்தம். எனக்கு இப்போதும் கேட்கிறது.

ஆகவே அத்தை, எல்லாம் சரியாகிவிட்டது. இந்த வெயிலில், அந்த மூட்டோடு, தாங்கள் ரயிலேற வேண்டாம். நான் தனியாகவே சமாளிப்பேன். தங்கள் ஜெபத்தில் எங்களை நினைத்தால் போதும். எல்லோருக்கும் எங்கள் ஸ்தோத்திரம்.

கீழ்ப்படிந்த மருமகன்,
வேதமுத்து

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை ஞானகுமாரிக்குப் படித்துக் காட்டினேன். எங்கம்மாவ வர வேண்டாம்னு சொல்ல நீங்க யார் என்று கேட்டாள். முந்தாநாளே பஞ்சவர்ணம் அக்காவை விட்டுத் தந்தி கொடுத்தாளாம். தாங்கள் இந்நேரம் ரயிலில் இருப்பீர்களாம். எழுதியதை வீணாக்க மனமில்லை, தபாலில் சேர்க்கிறேன். பூட்டிய தங்கள் வீட்டில் கிடக்கட்டும். நாளைக் காலை எழும்பூரில் நிற்பேன். தங்களைக் கண்டதும் நான் அழுதால், தயவுசெய்து தூசி என்று எண்ணிக்கொள்ளவும்.