மலைக்கு மாப்பிள்ளை பார்த்தவர்

இரண்டு பேருக்கு நடுவே ஒரு சாண் இடம் கிடைத்தால் அதில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடும் ஓர் இனம் உண்டு. 'பேசி முடிக்கிறவர்' என்று அதற்குப் பெயர். இந்த இனத்துக்குச் சொந்தச் சரக்கு கிடையாது, நாக்கு மட்டும்தான். உங்கள் ஊரில் இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும், எங்கள் மலையூர் புஹேராவின் தவுராயைப் பாருங்கள்.

தவுராய் பிறவித் தூதர். மாப்பிள்ளைக்காகப் பெண் வீட்டு வாசலில் குந்தி, எங்கள் வழக்கப்படி வாயைத் திறப்பதற்கே ஒரு கோழி அபராதம் கட்டி, கையைத் தட்டித் தட்டிப் பணிந்து, பையன் குடிக்கவே மாட்டான் என்று பெண் வீட்டிலும், பெண் கோபப்படவே மாட்டாள் என்று பையன் வீட்டிலும் சத்தியம் செய்து, நாற்பது கல்யாணம் முடித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு? அது அவர் இலாகா இல்லை.

எங்கள் மலையில் லித்தியம் இருப்பது தெரிந்தது. கடல் கடந்த நாடு ஒன்று தன் கார்களையெல்லாம் புகையில்லாமல் ஓட்டப்போகிறதாம். அவற்றின் பேட்டரிக்கு அது வேண்டுமாம். அங்கிருந்து ஹோல்கர் என்ற அதிகாரி நாலு பேரோடு வந்து இறங்கினார். 'ஊர் சம்மதம்' என்ற தாளில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். வாங்கிக் கொடுத்தால் தவுராய்க்கு ஒரு மோட்டார் சைக்கிள்.

"கவலையை விடுங்க சார். பொண்ணு கேக்குற மாதிரி முறையாக் கேட்டுட்டா எங்காளுங்க மறுக்க மாட்டாங்க."

மலையடிவாரத்தில் ஒரே ஒரு வீடு, மாய் ருவா என்ற விதவையுடையது. சோளக்கொல்லை, ஆறு ஆடு, மலைச்சரிவில் புருஷன் சமாதி. சுரங்கத்துக்குப் போடும் லாரிப் பாதை அந்தச் சமாதி மேல்தான் போகப்போகிறது. "உன் பக்கம் யாரும் வரமாட்டாங்க மாய்" என்று அவளிடம் சொல்லியிருந்தார் தவுராய். "அங்க யாருமே இல்ல சார்" என்று ஹோல்கரிடம். இரண்டுமே மரியாதைக்காகச் சொன்னவை. அவற்றைப் பொய் என்று சொன்னால் மனிதர் மனம் புண்படும்.

ஊர்த்தலைவர் வீட்டில் சடங்கு தொடங்கியது. ஹோல்கரைப் பாயில் உட்கார வைத்தார்கள். தொப்பியோடு நுழைந்ததற்கு அபராதம், காலை நீட்டியதற்கு அபராதம். அவர் கொண்டுவந்த போர்வையும் சர்க்கரை மூட்டையும் கைமாறின.

"மாப்பிள்ளை அசையவே மாட்டேங்கிறாரே! கல்லு கேக்க வந்து கல்லாவே ஆயிட்டாரா?" என்று பெண்கள் சிரித்தார்கள். தவுராயின் காதில் மோட்டார் சைக்கிள் உறுமத் தொடங்கியது.

தலைவர் பேனாவை எடுத்தார். வாசலோரம் உட்கார்ந்திருந்த மாய் ருவா எழுந்தாள்.

"நில்லுங்க தலைவரே. எல்லாம் முறைப்படி நடந்துச்சு. 'இவங்களை உனக்குத் தெரியுமா, கொண்டாந்ததைத் தொடலாமா'ன்னு பொண்ணைக் கேக்கலையே?"

"மலையை எப்படி மாய் கேக்குறது?" என்றார் தவுராய்.

"அதுல படுத்திருக்கிறவன் பொண்டாட்டி நான் இருக்கேன்ல? என்னைக் கேளு."

பெண்ணைக் கேட்காமல் நடந்தது கல்யாணமே இல்லை என்று எத்தனையோ வழக்கில் தீர்ப்புச் சொன்னவர் தலைவர். தட்ட முடியுமா? கேட்டார்.

"இவங்களை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. எதையும் தொடாதீங்க."

ஹோல்கர் தவுராய் பக்கம் குனிந்தார். "அந்த அம்மா என்ன சொல்றாங்க?"

"ரொம்ப சந்தோஷமாம் சார்."

மாய் ருவா போர்வையை மடித்து ஹோல்கர் மடியில் வைத்தாள். சர்க்கரை மூட்டையை அவர் காலடிக்கு இழுத்துவிட்டாள். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தலைவர் பேனாவை மூடினார். தவுராய் பதறிப்போய் ஏதோ சொல்ல வந்தார்.

"வாயைத் திறக்க ஒரு கோழி, அண்ணே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பாவம்தான். ஆனால் இந்த இனம் அழியாது. தவுராய் இப்போது அடுத்த மலைக்கு வரன் பார்க்கிறார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன தடவை வீட்டிலோ அலுவலகத்திலோ "எல்லாரும் சம்மதிச்சாச்சு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்களே, அப்போது வாசலோரம் உட்கார்ந்திருந்தவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?