கேட்டதையெல்லாம் கொடுத்த மென்பொருள்

வேலை கிடைக்காத காலத்தில்தான் மனிதனுக்குத் தன் திறமைமேல் அபார நம்பிக்கை வருகிறது. கணினிப் படிப்பு முடித்த கையோடு எனக்கும் வந்தது. அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் என் மாமா நடத்திய பட்டுச்சேலை டிசைன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். (சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு.)

ஒரு கல்யாண வீட்டார், தங்கள் பெண்ணுக்கு மட்டும் என்று ஒரு முந்தானை டிசைன் கேட்டிருந்தார்கள். வேறு யார் கண்ணிலும் படாது என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த டிசைன் இருந்த கணினியில்தான் நான் டேட்டாபேஸ் பழகினேன். யாரோ ஒருவர் இன்டர்நெட்டில் இலவசமாகத் திறந்துவைத்திருந்த சர்வரோடு, எங்கிருந்தோ இறக்கிய பழைய கிளையன்ட் மென்பொருளை வைத்து இணைந்தேன்.

மறுநாள் அந்த சர்வர்காரரிடமிருந்து மெயில். கூடவே இரண்டு கோப்புகள். முதலாவதைத் திறந்தால், அந்த முந்தானை.

நான் சர்வரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது, சர்வர் என் மென்பொருளிடம் கோப்புகளைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறது. மறுக்கத் தெரியாததுதான் அதிலிருந்த ஓட்டை. கோப்புகளுக்கு நான் வைத்திருந்த பெயர்களோ ‘டிசைன்’, ‘பயோடேட்டா’. (ஊகிக்க ஞானதிருஷ்டி வேண்டியதில்லை.)

மாமாவிடம் சொன்னேன். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்போ யாரு கேட்டாலும் எடுத்துக் குடுத்துக்கினு இருக்குதா உன் சாப்ட்வேரு?”

“ஆமா மாமா.”

“நீ யாருன்னு ஒரு வார்த்தை கேக்காதா?”

“கேக்காது மாமா.”

மெயிலில் இருந்த எண்ணுக்கு அவரே போன் போட்டார். எதிர்முனையில் ஒரு கல்லூரி ஆசிரியர். தன் சர்வருக்கு அந்த ஓட்டையோடு வருகிறவர்களை இப்படித்தான் எச்சரிப்பாராம். கோப்புகளை அப்போதே அழித்துவிட்டதாகவும், மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறும்படியும் சொன்னாராம். போனை வைத்த மாமா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“நல்ல மனுசன்பா. தப்பிச்சோம். அந்த ரெண்டாவது இன்னாது?”

என் பயோடேட்டா. மெயில் முகவரி அதிலிருந்துதான் கிடைத்திருக்கிறது. இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பில் திருத்தியிருந்தார். ‘டேட்டாபேஸ் பாதுகாப்பில் வல்லுநர்’ என்ற வரிக்கு நேராக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

கல்யாணம் வரை நானும் மாமாவும் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக் கண்ணாடிகளை ஒன்றுவிடாமல் எட்டிப் பார்த்தோம். அந்த முந்தானை எங்கும் தொங்கவில்லை. முகூர்த்தத்தன்று மணப்பெண் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, பெண்ணைப் பெற்றவரைவிட நாங்கள்தான் அதிகம் கண்கலங்கினோம்.

இப்போதும் வீட்டுப் பந்தியில் யாராவது கேட்டு, நான் சாம்பார் வாளியைத் தூக்கினால் போதும். மாமாவின் மனைவி, என் அத்தை, உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்:

“கேட்டது யாருன்னு விசாரிச்சிட்டு ஊத்துப்பா.”