ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர்

சனிக்கிழமை ஸ்கூல் லீவு. பாத்ரூம் டைல்ஸக் கழுவணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதாங்க.

திடீர்னு டைல்ஸ் மேல என்ன பாசம்னு கேப்பீங்க. கொஞ்ச நாள் முந்தி சேந்தமங்கலத்துல இருந்து எங்க நாத்தனா வந்திருந்தா. பாத்ரூமுக்குப் போயிட்டு வந்தவ, கையத் தொடச்சுக்கிட்டே சொன்னா.

"அண்ணி, டைல்ஸ் டிசைன் நல்லா இருக்குதுங்க. வெள்ளைக்கு நடுவுல கட்டம் கட்டமா கருப்புக் கோடு. எந்தக் கடையில எடுத்தீங்க?"

அது டிசைன் இல்லீங்க. அழுக்கு.

"இங்க நாமக்கல்லதான் எடுத்தோம்"னு சொல்லி வெச்சேன். வேற என்னத்தச் சொல்றது?

அவ மறுபடியும் ஞாயித்துக்கிழமை வாரேன்னு போன் பண்ணிட்டா. மானப் பிரச்சினை! காலையிலயே ஹார்டுவேர் கடைக்குக் கெளம்பிட்டேன்.

"டைல்ஸ் சந்துல இருக்கற அழுக்கு போகோணுங்க."

"சாதா வேணுங்களா, ஸ்ட்ராங் வேணுங்களா?" பேக்கரியில டீ கேக்கற மாதிரியே கேட்டாரு கடைக்காரரு.

"ஸ்ட்ராங்!"

நீலக் கலர் பாட்டில் ஒண்ணு குடுத்தாரு. முன்னாடி பளபளன்னு எலுமிச்சம்பழப் படம். பின்னாடி எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. ஊட்டுக்கு வந்ததும் படிக்கலாம்னுதான் பாத்தேன். கண்ணாடி டிவி மேல இருந்துச்சு. எந்திரிச்சு எடுக்கோணுமே!

ஒண்ணு சொல்லிக்கறேன். கேள்வியப் படிக்காமயே பதில் எழுதற பசங்களை நிக்க வெச்சு, பீரியடு முடியற வரைக்கும் திட்டறவ நானு.

லேபிளைப் படிக்கல. அதுக்குப் பதிலா செல்போன்ல ரீல்ஸ் பாத்தேன். அதுல ஒரு பொண்ணு பட்டுச் சேலை, நெத்திச்சுட்டி எல்லாம் போட்டுக்கிட்டு பாத்ரூம் கழுவுது. "ஃபிரண்ட்ஸ், கிளீனர் ஊத்தி நுரை வரும்போது மேல ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் தூவுங்க. இந்த சீக்ரெட்டை உங்களுக்கு யாருமே சொல்ல மாட்டாங்க!"

ஏன் யாருமே சொல்லலைன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

ஆனா பாதுகாப்புல நான் கொறை வெக்கலீங்க. கையில, ஹேர் டை டப்பாவுல வருமே, அந்தக் காகிதம் மாதிரி க்ளவுஸ். காலுக்கு எங்க ஊட்டுக்காரரோட பழைய பேண்ட். கண்ணுல தெறிச்சா என்ன பண்றதுன்னு யோசிச்சு, ஹெல்மெட்டையும் எடுத்து மாட்டிக்கிட்டேன்.

அந்தக் கோலத்துல எதிரூட்டு ராஜாமணியக்கா சந்து வழியா எட்டிப் பாத்துட்டா தெரு முழுக்கத் தெரிஞ்சு போயிருமே! பாத்ரூம் ஜன்னலைச் சாத்தினேன். கதவையும் சாத்தித் தாப்பாப் போட்டேன்.

எங்க ஊட்டுல பாத்ரூமும் கக்கூசும் கொல்லைப்பக்கம் ஒட்டி ஒட்டி இருக்கும். நடுவுல இருக்கற செவுரு கூரை வரைக்கும் போகாது, மேல தொறந்துதான் கெடக்கும். இதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. நான் வெச்சுக்கல.

ஊத்தினேன். "சொர்ர்ர்"னு நுரை கெளம்புச்சு பாருங்க! அழுக்கு கதறுதுன்னு எனக்கு ஒரே சந்தோஷம். சந்துல இருந்த சிமெண்ட்டுதான் கதறுச்சுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். அந்தப் பொண்ணு ஒரு ஸ்பூன்னுதான் சொல்லுச்சு. நமக்கு எப்பவுமே தாராள மனசு. ஒரு கை அள்ளித் தூவினேன்.

தரையில இருந்து மஞ்சளும் பச்சையுமா ஒரு பொகை எந்திரிச்சுது. தொண்டையில மொளகாப் பொடியத் திணிச்ச மாதிரி ஒரு எரிச்சல். கண்ணு ரெண்டுலயும் தண்ணி கொட்டுது. ஹெல்மெட்டுக்குள்ளயும் பொகை பூந்து, ஹெல்மெட் கண்ணாடி பூரா ஆவி. தாப்பா எங்க இருக்குதுன்னே தெரியல! செவுத்தைத் தடவறேன், குழாயத் தடவறேன், துண்டு மாட்டற கம்பியப் புடிச்சுக் கதவுன்னு நெனச்சு இழுக்கறேன். கம்பி கையோட வந்துருச்சு.

எப்படியோ தாப்பா சிக்குச்சு. வெளிய வந்து விழுந்து, இருமி, மூச்சை இழுத்துக்கிட்டு நிமுந்தா, பக்கத்துக் கக்கூசுக்குள்ள இருந்து இன்னொரு இருமல் சத்தம்.

எங்க மாமனார்!

லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவருங்க. ஏற்கெனவே வீசிங் வேற. காலையில சாப்பிட்டதும் போனைத் தூக்கிட்டு உள்ள போனா லேசுல வெளிய வர மாட்டாரு.

கதவைத் தட்டினேன். "மாமா! வெளிய வாங்க மாமா!"

"ஆள் இருக்குது!"

"ஆள் இருக்கறது தெரியுதுங்க மாமா! வெளிய வாங்க! பொகைங்க!"

"நான் பீடிய உட்டு எத்தனை வருசமாச்சு சாமி!" சொல்றதுக்குள்ள இருமல் அவரை மடக்கிருச்சு. அப்பறம் சத்தமே இல்ல.

தோளால கதவை ஒரு மோது மோதினேன். அதே நேரத்துல அவரும் உள்ள இருந்து தொறந்துட்டாரு. ரெண்டு பேரும் மோதிக்கிட்டோம். கண்ணு ரத்தச் செவப்பு, உதடு வெளுத்துப் போயி, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. அப்படியே கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு, ஊட்டு ஓரத்துச் சந்து வழியா வாசலுக்கு ஓடியாந்துட்டேன்.

எதிர் வாசல்ல ராஜாமணியக்கா கோலத்தை மிதிக்காம தாண்டிக்கிட்டு இருந்தாங்க. என் தலையில ஹெல்மெட். ஒரு பக்கம் துண்டோட மாமனார். இன்னொரு கையில துண்டு மாட்டற கம்பி.

"எங்கீங்க டீச்சர் கெளம்பிட்டீங்க? வண்டியக் காணோம்?"

"அக்கா... கேஸ்... உள்ள கேஸுங்கக்கா!"

நான் சொன்னது ஒரு கேஸு. அக்கா காதுல விழுந்தது வேற கேஸு.

"ஐயோ! டீச்சர் ஊட்டுல சிலிண்டர் லீக்காவுது!"

அக்கா தொண்டைக்கு மைக்செட்டே வேண்டாங்க. தெருக்காரங்க எல்லாம் அவங்கவங்க அடுப்பை அணைச்சுட்டு, சிலிண்டரை உருட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல எங்க தெரு கேஸ் ஏஜென்சி குடோன் மாதிரி ஆயிருச்சு. நான் "அந்தக் கேஸ் இல்லீங்க, பாத்ரூம் கேஸு"ங்கறேன். ஒருத்தரு, "பாத்ரூம்ல எதுக்குங்க சிலிண்டர் வெச்சீங்க?"ன்னு என்னையவே கேக்கறாரு.

அதுக்கு நடுவுல ஆளாளுக்கு வைத்தியம். பாலைக் குடுங்கங்கறாங்க. வெங்காயத்தை மோந்து பாக்கச் சொல்லுங்கங்கறாங்க. ஒருத்தர் மட்டும் எதுவும் சொல்லாம வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாரு.

மாமனார் ஊட்டுப் படியில உக்காந்து மூச்சுக்குத் தவிக்கறாரு. "நெஞ்சுக்குள்ள ஏர்லாக் ஆயிருச்சு சாமி. வண்டி இழுக்க மாட்டேங்குது." டீசல் பைப்புல காத்து அடைச்சு லாரி நிக்குமே, அதைச் சொல்றாரு.

அந்த நேரம் பாத்து எங்க ஊட்டுக்காரரு கார்ல வந்து எறங்கினாரு. ரோடு பூரா சிலிண்டரு, நடுவுல அவரு பேண்டையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கிட்டு அவரு பொண்டாட்டி. மனுசன் ஒரு கேள்வி கேக்கல. அப்பாவைத் தூக்கிப் பின்சீட்டுல போட்டாரு. என்னையும் ஏறச் சொன்னாரு. பைபாஸ் ரோட்டுல முட்டை லாரிகளை எல்லாம் ஓவர்டேக் பண்ணிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

ஆக்சிஜன் வெச்சாங்க. நெபுலைசர் வெச்சாங்க. மாஸ்குக்குள்ள அவரு நெஞ்சு ஏறி எறங்கறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து என்னைய ஒரு சொல்லு சொல்லாத மனுசன். டைல்ஸ் சந்துக்காக இவரைக் கொன்னுருப்பமேன்னு நெனைக்க நெனைக்க அழுகை வந்துருச்சு. கண்ணு அப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருந்ததால, யாருக்கும் வித்தியாசம் தெரியல.

டாக்டரம்மா சின்ன வயசு. "என்னத்தை என்னத்தை கலந்தீங்க?"

சொன்னேன்.

"கிளீனர் ஆசிட்டுங்க. அதோட பிளீச்சிங் பவுடர் சேந்தா குளோரின் கேஸ் வரும். ஜன்னலாவது தொறந்து வெச்சிருந்தீங்களா?"

"சாத்தி வெச்சிருந்தேங்க."

பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைய நிமுந்து பாத்தாங்க. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"டீச்சருங்க."

"என்ன சப்ஜெக்ட்?"

தமிழ்னு சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. அதுக்குள்ள எங்க ஊட்டுக்காரரு முந்திக்கிட்டாரு.

"கெமிஸ்ட்ரிங்க டாக்டர். பிளஸ் டூவுக்கு."

டாக்டரம்மா பேனாவை எடுத்து, சீட்டுல அதையும் எழுதிக்கிட்டாங்க.

நீங்களே சொல்லுங்க. ஃபார்முலாவா எழுதியிருந்தா நான் கண்டுபுடிச்சிருக்க மாட்டனா? பாட்டில்ல எலுமிச்சம்பழத்தையில்ல வரைஞ்சு வெச்சிருந்தாங்க! குளோரின் எப்படித் தயாரிக்கறதுன்னு அந்த வாரந்தான் பாடம் எடுத்தேன். லேப்ல பண்ணினா சரியா வராது. ஊட்டு பாத்ரூம்ல ஒரே தடவையில வந்துருச்சு.

சாயங்காலம் மாமனார் மாஸ்கைக் கழட்டிட்டுச் சிரிச்சாரு. "ஏர்லாக் எடுத்துட்டாங்க சாமி. இனி வண்டி ஓடும்." எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. அனுப்பும்போது டாக்டரம்மா, "கேஸ் முழுக்கப் போற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க. இனிமே எதையும் எதோடயும் கலக்காதீங்க"ன்னு சொன்னாங்க. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குச் சொல்ற மாதிரி ரெண்டு தடவை சொன்னாங்க.

மறுநாள் கதவு ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சு, தூரத்துல நின்னு ஓஸ் பைப்புல தண்ணியப் பீச்சிட்டுப் போயிப் பாத்தோம். கருப்பு போயிருந்துச்சு. கூடவே சந்துல இருந்த சிமெண்ட்டும் போயிருந்துச்சு. குழாய்க்கு அடிச்சிருந்த நிக்கல் போயி, அடுப்புக் கரி மாதிரி நிக்குது.

நாத்தனா ஆரஞ்சுப் பழத்தோட வந்தா. அவங்கப்பாவைப் பாத்தா, என்னைய ஒரு மாதிரி பாத்தா. பாத்ரூம் பக்கமே எட்டிப் பாக்கல. சேந்தமங்கலம் போற வரைக்கும் அடக்கிக்குவாளாம்.

இப்ப சோப்புத் தண்ணி, தேய்க்கற பிரஷ், அவ்வளவுதாங்க. மாமனாருக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. நேத்து டீயில நான் சக்கரையக் கலக்கும்போது மட்டும், மெதுவா எந்திரிச்சு வாசல்ல போயி நின்னுக்கிட்டாருங்க.