முதல் மைக் யாருக்கு?

தருமபுரி மாவட்டத்தில் நடந்த திறப்பு விழாக்கள் அத்தனையையும் உண்மையில் திறந்துவைத்தவர் ஒரே ஒருவர்தான். கல்வெட்டுகளில் வேறு பெயர்கள் இருக்கும். நம்ப வேண்டாம். ரிப்பன் வெட்டியவர்கள் ரிப்பனை மட்டும்தான் வெட்டினார்கள். விழாவை எப்போது தொடங்கலாம், யார் பேசலாம், பேசியது ஊருக்குக் கேட்கலாமா கூடாதா என்பதையெல்லாம் முடிவு செய்தவர், அதியமான்கோட்டையில் பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் மனிதர். அவருக்குப் பெயர் மைக்செட். பெற்றோர் வேறு பெயர் வைத்திருக்கலாம். அவருடைய மனைவியே போனில், "மைக்செட்டு சாப்பிட வர்றாரா இல்லையாங்க?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

நான் தருமபுரியில் ஒரு சிறிய அறக்கட்டளையில் நிர்வாக அலுவலர். பெங்களூரில் ஒரு வசதியான குடும்பம் பணம் அனுப்பும். நாங்கள் அதைப் பொருள்களாக மாற்றி நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களில் கொடுப்போம். கொடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விழா. பந்தல், நாற்காலி, மாலை, தண்ணீர் பாட்டில், மைக் எல்லாம் என் பொறுப்பு. எதையும் வரிசைப்படி செய்கிறவன் நான். என் வரிசையில் மைக் கடைசியில் இருந்தது. மைக்செட்டின் வரிசையில் நான் எங்குமே இல்லை.

அவர் தன் கடைக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்துபோய் டீ சொன்னதே கிடையாது. "டீ ஒண்ணு, சக்கர இல்லாம" என்று ஒலிபெருக்கி ஹாரனில்தான் சொல்வார். அவருக்குச் சர்க்கரை நோய் வந்த செய்தி அவருடைய தம்பிக்குத் தெரியும் முன்பே சேலம் போகிற லாரிக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய ஆம்ப்ளிஃபயருக்குப் பெயர் பாப்பா. மழை வந்தால் பாப்பாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு இவர் நனைவார். பயணத்தில் பாப்பா மடியில் இருக்கும். ஒருமுறை எங்கள் ஜீப்பில் பாப்பாவை வைக்க இடமில்லாமல் எங்கள் அறக்கட்டளைச் செயலாளரை இறங்கி டவுன் பஸ்ஸில் வரச் சொன்னார். செயலாளர் பஸ்ஸில்தான் வந்தார்.

அவருடைய தொழிலில் ஒரு சட்டம் இருந்தது. முதல் மைக் உள்ளூர்க்காரருக்கு. வெளியூர்க்காரர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கடைசியில். இதற்கு அவர் சொன்ன காரணம் முழுக்க முழுக்க மின்சாரம் சம்பந்தப்பட்டது.

"பாப்பா சூடாவணுமில்லீங்க சார்? அந்தந்த ஊரு கொரல்லதான் அது சூடாவும். வெளியாளு கொரல மொதல்ல குடுத்தா கத்தும்."

எந்த எலெக்ட்ரீஷியனும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கத்தியது. ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கொடுத்தபோது, சிறப்பு விருந்தினர் முதலில் எழுந்து "அன்பார்ந்த" என்றார். கொக்குக் கூட்டம் ஒன்று கழுத்து நெரிபடுவதுபோல ஒரு சத்தம். விருந்தினர் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். மைக்செட் சாவகாசமாகப் போய், சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயாவிடம் மைக்கை நீட்டினார்.

"என்னைய எதுக்குடா கூப்புடற?"

"சும்மா ரெண்டு வார்த்த பேசு ஆயா, பாப்பா சூடாவட்டும்."

ஆயா தொண்டையைச் செருமினார். "மிஷின் பளபளன்னு நல்லாத்தாங்க இருக்குது. தொட்டில தண்ணி வந்து மாசக்கணக்காவுது. எதைங்க சுத்தம் பண்ணுறது?"

ஒலி மணி மணியாக விழுந்தது. ஒரு கீச்சு இல்லை, ஓர் இரைச்சல் இல்லை. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் மாலைகளைப் பார்த்தேன்.

வேறொரு விழாவில் ஒரு பிரமுகர், "நாங்கள் கொடுத்தோம், நாங்கள் வழங்கினோம்" என்றே பேசிக்கொண்டுபோனார். ஒவ்வொரு "நாங்க"ளுக்கும் மைக்செட்டின் கட்டைவிரல் பாப்பாவின் வால்யூம் குமிழை ஒரு திருகு திருகியது. பிரமுகரின் குரல் மெலிந்து மெலிந்து, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. தொண்டை போய்விட்டது என்று நினைத்து அவர் மேடையில் இருந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, சைகையால் நன்றி சொல்லி இறங்கினார். மறுநாள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு செயலாளர், "இனிமே அந்த ஆளு வேண்டாம், டவுன்ல வேற மைக்செட் பிடிங்க" என்று உத்தரவு போட்டார். பிடித்தேன். விழாவன்று டெம்போவிலிருந்து இறங்கியது இவர். டவுன் மைக்செட்காரர் இவருடைய மச்சான். அடுத்து பாலக்கோட்டிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்தேன். அன்றும் இவர்தான் இறங்கினார். அந்த ஆள் இவரிடம் தொழில் கற்றவராம், "குருவுக்கு மேல நான் வர முடியுங்களா?" என்று கேட்டார். அன்றோடு செயலாளர் தோல்வியை ஒப்புக்கொண்டார். எனக்கோ அந்த மனிதர்மேல் ஒரு பிரமிப்பே வந்துவிட்டது. அரசாங்கத்துக்குக்கூட இப்படியொரு பிடி இருந்ததில்லை.

இவை எல்லாம் வேடிக்கை. சாமந்திப்பூ விஷயம் வேடிக்கையாக ஆரம்பித்ததே தவிர, அப்படி முடியவில்லை.

நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். வீட்டுக்கு வீடு சாமந்தி. பெண்கள் இருட்டோடு எழுந்து பூ பறித்து மூட்டை கட்டி வைப்பார்கள். மண்டிக்காரரின் வண்டி அது நினைத்த நேரத்துக்கு வரும். வெயில் ஏறினால் பூ வாடும். பூ வாடிவிட்டால் மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி மாதம்மா எங்கள் அலுவலகத்துக்குப் பலமுறை வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். குழுவுக்குச் சொந்தமாக ஒரு சரக்கு வண்டி.

செயலாளர் நல்லவர். ஆனால் அவருக்குப் பெண்கள் முன்னேற்றம் என்றால் தையல் மிஷின். முந்தின வருடம் அந்த ஊருக்கு அதைத்தான் கொடுத்திருந்தோம். நான் பார்க்கப் போனபோது ஒரு வீட்டில் அதன்மேல் டி.வி. இருந்தது, இன்னொரு வீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. இந்த வருடமும் தையல் மிஷின்தான் வந்து இறங்கியது. பெங்களூர்க் குடும்பத்தின் பெரிய அம்மாவே முதல் முறையாக நேரில் வந்து கொடுக்கப்போவதாக ஏற்பாடு.

விழாவுக்கு முந்தின நாள் மாதம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இந்தவாட்டியும் வாங்கிக்கிட்டம்னா வண்டிப் பேச்சு அத்தோட முடிஞ்சுதுங்க. வேணாம்னு சொன்னா, திமிர் புடிச்சவளுங்கன்னு அந்தம்மா எல்லாத்தையும் நிறுத்திப்புட்டா? என்னங்க சார் பண்றது?"

பந்தல் போடும் இடத்தைக் காட்டச் சொன்னேன்.

அழைப்பிதழில் காலை பத்து மணி என்று அச்சிட்டிருந்தோம். பத்து மணி என்றால் பன்னிரண்டு என்பது இங்கே பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். செயலாளர் நெடுஞ்சாலைத் திருப்பத்தில் மாலையோடு போய் நின்றார். பெண்கள் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மைக்செட் பாப்பாவை இறக்கி, வேப்பமரத்தில் ஹாரன்களைக் கட்டி, தன் வழக்கப்படி மும்மொழியில் சோதனையைத் தொடங்கினார். அந்த ஊரில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் உண்டு. ஒயருக்கு எல்லா பாஷையும் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை.

பெங்களூர் அம்மாவோ சரியாகப் பத்து மணிக்கு வந்துவிட்டார். போதாததற்கு, அவருடைய டிரைவரின் போன் காட்டிய வழி நெடுஞ்சாலைத் திருப்பத்தைத் தொடாமல் ஏரிக்கரை வழியாக ஊருக்குப் பின்பக்கம் கொண்டுவந்து விட்டது. காரை அங்கேயே நிறுத்திவிட்டு, நூல் புடவையும் ரப்பர் செருப்புமாக நடந்து வந்து பந்தல் ஓரத்தில் நின்றார். அவரை யாருக்கும் தெரியாது. எனக்கும்தான். நான் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

மைக் அப்போது கௌரம்மாவின் கையில் இருந்தது. கர்நாடகத்திலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

"என்ன பேசறதுண்ணா?"

"மனசுல இருக்கறத பேசு தாயி. இன்னும் யாரும் வரல."

கௌரம்மா மனசில் இருந்ததைக் கன்னடத்தில் பேசினார். "நமகெ ஹொலிகெ மிஷின் பேடா. காடி பேக்கு." தையல் மிஷின் வேண்டாம், வண்டி வேண்டும். ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

பந்தல் ஓரத்தில் நின்ற அம்மா, "யாக்கெ பேடா?" என்று, ஏன் வேண்டாம் என்று கேட்டார். மைக்செட் திரும்பிப் பார்த்தார். கௌரம்மாவின் பிறந்த வீட்டுச் சொந்தம் என்று நினைத்துவிட்டார். "மெதுவாப் பேசுனா எப்பிடிங்கம்மா? இதுல கேளுங்க" என்று இன்னொரு மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

பிறகு நடந்தது மாதிரி ஒரு விழாவை நான் பார்த்ததில்லை. அந்த அம்மா கேட்கக் கேட்க, கௌரம்மா கன்னடத்திலும் மாதம்மா தமிழிலும் பதில் சொன்னார்கள். மண்டி வண்டி வராத நாளில் பூவைக் குப்பையில் கொட்டியதைச் சொன்னார்கள். வெங்காயம் உரித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து மைக்கை வாங்கினார்கள். "போன வருச மிஷின் தேஞ்சு போயிருக்குமே?" என்று அந்த அம்மா கேட்டதற்கு ஒருத்தி, "கோழி மிதிச்சா தேயுங்களா?" என்றாள். ஊரே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் நடுவே, ஹாரனில் அந்த அம்மாவின் குரலைக் கேட்டுச் செயலாளர் மாலையும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வந்தார். "மேடம்! மேடம்!" என்றார். பந்தல் அப்படியே உறைந்தது. மாதம்மா ஓரடி பின்வாங்கினார்.

"யோவ், சீஃப் கெஸ்ட்டுகிட்ட மொதல்லயே மைக்கைக் குடுத்துட்டு... உன் சட்டமெல்லாம் எங்கய்யா போச்சு?" என்று செயலாளர் மைக்செட்டிடம் சீறினார்.

மைக்செட் பாப்பாவைத் தொட்டுப் பார்த்தார். "அந்தம்மா பேசலீங்க சார், கேட்டாங்க. பாப்பா கத்தலயே."

பெங்களூர் அம்மா மாலையை வாங்கி நாற்காலியில் வைத்தார். தனக்குத் தெரிந்த தமிழில், "நான் ஒரு புது வண்டி அனுப்பறேன்" என்றார். செயலாளர் கைதட்டத் தொடங்கினார்.

"அனுப்பாதீங்கம்மா" என்றார் மாதம்மா.

கைதட்டல் நின்றது.

"கோவிச்சுக்காதீங்க. தையல் மிஷினும் இப்பிடித்தாங்க வந்துச்சு, நல்ல மனசோட. எந்த வண்டி எங்க ரோட்டுக்கு ஆவும், யாரு ஓட்டுறது, கூலி எப்பிடின்னு நாங்க உக்காந்து பேசிச் சொல்றம். அதுக்கு உதவி பண்ணுங்க. தப்பாப் போச்சுன்னா எங்க தப்பாவே போவட்டும்."

எழுதி வைத்துப் படித்ததல்ல அது. வெங்காயக் கையோடு நின்று பேசியது. நான் பல தலைவர்களின் சொற்பொழிவைக் கேட்டவன். அந்தப் பேச்சைப்போல எதுவும் என்னை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்ததில்லை. பெங்களூர் அம்மா தலையாட்டி, "ஆகலி" என்றார். ஆகட்டும் என்பதைக் கௌரம்மா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தையல் மிஷின்கள், அவற்றைக் கேட்டிருந்த வேறு ஊருக்குப் போயின. குழு பல தடவை கூடிப் பேசியது, சண்டை போட்டது, மறுபடி பேசியது. செயலாளர் புது வண்டிதான் கௌரவம் என்றார். பெண்கள் பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள், ஊர் மெக்கானிக்குக்குக் கை பழகிய வகையாம். கௌரம்மாவின் மருமகள் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தாள். எங்கள் அறக்கட்டளையும் மெல்ல மாறியது. இப்போதெல்லாம் ஊருக்குப் போனால் முதலில் கேட்கிறோம். என்ன கொடுப்பது என்பதைக் குழுவின் முடிவுக்கு விடுகிறோம். விழா கிடையாது.

விழா கிடையாது என்றால் மைக்கும் கிடையாது. எங்களால் அவருக்கு வந்துகொண்டிருந்த வேலை நின்றுபோனது. அதைச் சொல்ல அதியமான்கோட்டைக்குப் போனேன். வண்டி முதல் நடை போகிற அன்றும் பந்தல், மைக் எதுவும் வேண்டாம், அந்தச் செலவை டீசலுக்கு வைத்துக்கொள்கிறோம் என்று பெண்கள் சொன்னதை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பாப்பா வேணாம், சரிங்க. நான் வரலாமில்ல?"

வந்தார். விடியும் முன்பே, தேய்த்த வெள்ளைச் சட்டையில், வெறுங்கையோடு. ஒயர் இல்லாமல் பார்க்கையில் பலருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஓட்டுகிறவளுக்குப் பக்கத்து இடத்தில் யார் உட்காருவது என்று பெண்களுக்குள் ஒரே இழுபறி. கடைசியில் மாதம்மா சொன்னார்:

"மைக்செட்டண்ணா, நீங்க ஏறுங்க முன்னாடி."

"அய்ய, அது உங்க சீட்டு தாயி" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் பூ மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பியது. ஏரிக்கரை திரும்பும் வரை அந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது.

உட்கார்ந்தால் பூ நசுங்கும் என்று தருமபுரி பூ மார்க்கெட் வரைக்கும் அந்த மனிதர் நின்றுகொண்டே வந்ததாக மாதம்மா பிறகு சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து, சாலையில் அவரை எங்கே பார்த்தாலும் நான் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, இறங்கி, நின்றுதான் பேசுகிறேன்.