டெட்போல்ட் காக்காவின் பின்கதவு

கள்ளனை வாழ்நாளில் ஒரு தடவைகூடக் காணாமல், கள்ளனுக்காகவே வாழ்ந்த ஒரே மனிதர் கல்முனைக் கரையில் எங்கள் டெட்போல்ட் காக்காதான். கத்தாரில் கட்டடப் பராமரிப்பு வேலை முடிந்து ஊர் திரும்பியவர்கள் அத்தரும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவர் பெட்டி நிறையப் பூட்டுகள் கொண்டுவந்தார். அண்ணனைக் காக்கா என்று அழைக்கும் எங்கள் ஊர், அவருடைய சொந்தப் பெயரை அன்றே மறந்துவிட்டது.

கல்யாண வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்தாலும் அதே கதைதான். "சும்மா பூட்டு காத்துக்குக் கதவச் சாத்தத்தான் தம்பி. டெட்போல்ட் எண்டா இரும்பு நாக்கு நிலைக்குள்ள இவ்வளவு தூரம் பாயும். மாடு முட்டினாலும் அசையாது!" அவர் இரண்டு கையாலும் அளந்து காட்டி முடிப்பதற்குள் நாங்கள் இறைச்சியை முடித்துவிடுவோம்.

நம்பாதவர் வீட்டு முன்கதவைப் பட்டப்பகலில் அடையாள அட்டையை நுழைத்துத் திறந்து, உள்ளே கதிரையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருப்பார். எங்கள் வீட்டில் உம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தார்.

"கொஞ்சம் பொறுங்க ராத்தா. நான் கள்ளனா இருந்தா?"

"கள்ளன் எண்டா ஒரு அடியோட விட்டிருப்பன்!"

மறுநாளே எங்கள் வெளிக்கதவுகளில் டெட்போல்ட் ஏறியது.

அவருக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணமென்றால் வீடும் அவளுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். பெற்றவர்கள் வளவின் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்குப் போவார்கள். காக்கா மகளின் வீட்டு முன்கதவு, பக்கக்கதவு, பின்கதவு என்று ஒன்றையும் விடாமல் பூட்டுப் போட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் காலை, வழக்கம்போலத் தேத்தண்ணிக்குப் போனால் பின்கதவு பூட்டியிருந்தது. தட்டினார்.

"ஆரு?"

"வாப்பாதான் மகள்."

"குரலக் கேட்டுத் திறக்கப்படாதெண்டு நீங்கதானே சொன்ன? ஜன்னலுக்கு வாங்க, மொகத்தப் பாப்பம்."

சின்ன வீட்டு வாசலில் நின்ற மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பூட்டப் போடக்குள்ள நாம எந்தப் பக்கம் எண்டு யோசிக்கல்லையா?"

காக்கா அந்தப் பூட்டைக் கழற்றிவிடுவார் என்றுதான் நினைத்தோம். கழற்றவில்லை. தினமும் ஜன்னலில் முகம் காட்டினார். தினமும் மகள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். அந்தச் சிரிப்புக்காகவே பூட்டை விட்டுவைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு மருமகனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்தது. மகளும் கூடப் போனாள். திறப்புக் கொத்தை வாப்பாவின் கையில் வைத்து, "எல்லாக் கதவையும் கவனமாப் பூட்டி வையுங்க வாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

போன பெருநாளுக்குக் கொழும்பிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். அந்த வீட்டின் வெளிக்கதவுகள் எல்லாம் அகலத் திறந்து கிடந்தன. மனைவி சின்ன வீட்டு அடுப்படியில் இருக்க, காக்கா புதுச் சாரமும் சேட்டுமாய் நடுவீட்டில் தனியே இருந்தார்.

"என்ன காக்கா இது? கள்ளன் வந்தா?"

"வரட்டும் தம்பி. ஆராவது வரட்டுமே."

உள்ளே போய் அவர் பக்கத்தில் அமர்ந்தேன். பகல் சோற்றுக்கு என்னை வீட்டில் தேடினார்கள், நான் எழும்பவில்லை.