கறுப்புத் துணிக்குள் கீபோர்டு சித்தர்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே நாலாவது மாடி நடைகூடத்தில் கூட்டம் நெரிந்தது. முப்பது பொறியாளர்கள், ஆளுக்கொரு மடிக்கணினியை ஜுரம் கண்ட குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் பட்டதாரிகள். பாதிப் பேர் இரட்டைப் பட்டதாரிகள். காத்திருந்தது யாருக்காக? கீபோர்டு சித்தருக்காக!

முந்தின நாள் எல்லாக் கணினிகளிலும் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார்கள். திரை என்னவோ பளபளவென்றுதான் வந்தது. ஆனால் நிரல் எழுதும் கருவிகளில் ஒன்றுகூட அசையவில்லை. எந்தக் கட்டளையைத் தட்டினாலும் ஒரே பிழைச்செய்தி வந்து நின்றது.

வேறொரு நாளாக இருந்தால் தேநீர் குடித்தே பொழுதை ஓட்டியிருப்பார்கள். அன்று முடியாது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நாளைக் குறித்துத் தரும் மென்பொருள் இவர்களுடையது. அதில் ஒரு கோளாறு. வியாழக்கிழமை வரவேண்டியவர்களைச் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டது. மாலை நாலு மணிக்குள் திருத்தி அனுப்பியாக வேண்டும்.

பதறிப்போன மேலாளர் சித்தருக்கு ஆளனுப்பினார். எதிர்க் கட்டடத்தில் ஓர் அலுவலகத்தையே ‘குணப்படுத்திய’ மகான் ஆயிற்றே!

மகான் வந்தார். நீண்ட வெள்ளை அங்கி. பழைய கணினிச் சில்லுகளைக் கோத்த மாலை. கையில் ஒரு கறுப்புத் துணி. மேலாளரின் கணினியை வாங்கி முகர்ந்து பார்த்தார். (என்ன மணந்திருக்கும்? நேற்றைய பிஸ்கட் தூள்தான்.)

“பழைய சிஸ்டத்தோட ஆவி உள்ளயே சுத்துது. அதைக் காலி பண்ணச் சொல்லாம புதுசைக் குடிவெச்சுட்டீங்க.”

“ஐயோ சாமி, இப்ப என்ன பண்றது?” என்றார் மேலாளர்.

“நான் பேசி அனுப்பறேன். ரெண்டே நிபந்தனை. பாஸ்வேர்டை என் காதுல மட்டும் சொல்லணும். திரையில வந்திருக்கே ஒரு வரி, அதை யாரும் படிக்கக் கூடாது. படிச்சா தோஷம் உங்களுக்கும் ஒட்டிக்கும்.”

முப்பது பட்டதாரிகளும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்கள். படிக்காமல் இருப்பதில் அவர்களுக்கு நல்ல பயிற்சி உண்டு.

சித்தர் தலையோடு துணியைப் போர்த்திக்கொண்டு கணினியோடு உள்ளே மறைந்தார். ‘ஊம்ம்ம்’ என்று ஓர் ஓசை. கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். கருவிகள் வேலை செய்தன! கைதட்டல் கூரையைப் பிளந்தது. கனத்த உறை ஒன்று அங்கிக்குள் போனது. குணமான அந்த ஒரே கணினிக்குச் சொந்தக்காரரான மேலாளர் வாழ்நாளில் ஒரு வரி நிரலும் எழுதியவரல்லர் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில்லை.

“சாமி, ஒரு நிமிஷம்.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் பரிசோதனைப் பிரிவுப் பெண். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதே அவள் வேலை என்பதால் ‘நொட்டை அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த நோயாளிகள் பட்டியலில் அவளுடைய தாய்மாமனும் இருந்தார். ஓசைக்கு நடுவே துணிக்குள்ளிருந்து ‘டக் டக்’ என்று விசை தட்டும் சத்தம் கேட்டதை அவள் கவனித்திருந்தாள்.

“ஆவியை ஓட்ட உங்களுக்கு என்னென்ன வேணும்?”

“துணி. அமைதி. நம்பிக்கை.”

“வைஃபை வேணாமா?”

சித்தர் சிரித்தார். “ஆவிக்கு எதுக்கும்மா வைஃபை?”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்றவள், அவர் அடுத்த கணினியோடு துணிக்குள் புகுந்ததும், மூலையிலிருந்த வைஃபை பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள்.

ஓசை தொடங்கியது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ஓசை மெல்லக் கரகரத்தது. துணிக்குள் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. கடைசியில் உள்ளிருந்து ஒரு குரல் எரிச்சலோடு வெடித்தது.

“யாருப்பா நெட்டைப் புடுங்கினது? டவுன்லோடே ஆக மாட்டேங்குது!”

முப்பது தலைகளும் துணிப் பக்கம் திரும்பின.

அவள் துணியை உருவினாள். வியர்த்து வழிந்த முகத்துக்கு எதிரே திரை ஒளிர்ந்தது. அதில் இருந்ததை உரக்கப் படித்தாள். “‘நிரல் கருவிகளைக் காணவில்லை. மீண்டும் நிறுவ இந்தக் கட்டளையைத் தட்டவும்.’ கட்டளையையும் அதுலயே போட்டிருக்கு. புதுப்பிச்சப்போ பழைய கருவி போயிடுச்சு. திரும்பப் போட்டுக்கச் சொல்லுது. ஆவியும் இல்ல, கீவியும் இல்ல.”

மேலாளர் பழக்கதோஷத்தில் காதைப் பொத்திக்கொண்டார்.

“கையை எடுங்க சார். தோஷம் எதுவும் ஒட்டாது.”

மின்கம்பியைத் திரும்பச் சொருகிவிட்டு, அதே கணினியில் அந்தக் கட்டளையைத் தட்டினாள். துணி இல்லை, ஊம்காரம் இல்லை. கால் மணியில் கருவிகள் வந்து உட்கார்ந்தன. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகப் படிக்கட்டுப் பக்கம் நழுவிய சித்தரின் அங்கியைப் பிடித்திழுத்து உறையைப் பறித்துக்கொண்டார் மேலாளர்.

மூன்றேகாலுக்கு, அதே கணினியில் எழுதிய திருத்தம் போய்ச் சேர்ந்தது. நாலு மணிக்கு மாமா தொலைபேசியில் அழைத்தார். “வியாழக்கிழமையே வரச் சொல்லிட்டாங்கம்மா.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

எதிரே இரட்டைப் பட்டதாரி ஒருவர், மடிக்கணினியை இரு கைகளிலும் ஏந்தி நின்றார்.

“அக்கா, எனக்கும் உங்க கையாலயே தட்டிக் குடுங்க. உங்க கை ராசியான கை.”

அவருக்குப் பின்னால் புதிதாக ஒரு வரிசை!

“சாமியார விரட்டிட்டு என்னைச் சாமியார் ஆக்கறீங்களா?” என்று அவள் அந்தக் கணினியை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். “வேலை செஞ்சது என் கை இல்ல, கண்ணு. உங்களுக்கும் ரெண்டு இருக்கு. படிங்க!”