கதிர்வேல் தூண்டில் போட்ட சரித்திரம்

மீனைப் பிடித்துக் குழம்பு வைப்பவன் மனிதன். பிடித்து, நலம் விசாரித்து, மறுபடி ஆற்றிலேயே விடுகிறவன் மாமனிதன். இந்தப் படியை ஏற மனிதகுலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டு பிடித்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் வைத்திருந்த கதிர்வேல், 1994 டிசம்பரில் ஒரே காலையில் ஏறிவிட்டார்.

ஏற்றிவிட்டவர் ஹென்ரிக் என்ற டென்மார்க்காரர். நாற்பதாயிரம் பனியனுக்கு ஆர்டர் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர், பட்டறையைப் பார்க்குமுன், "ஊட்டிப் பக்கம் ட்ரவுட் மீன் இருக்கிறதாமே?" என்றார்.

தூண்டிலை ஆயுளில் தொட்டிராத கதிர்வேல், "ட்ரவுட்... மை லைஃப், சார்!" என்று சொல்லிவிட்டார்.

மேட்டுப்பாளையம் தாண்டி, மலையேறி, அவலாஞ்சி ஓடைக்கரையில், பனியனுக்காகப் பனியில் நின்றார். ஹென்ரிக் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே இறகாலும் நூலாலும் கட்டிய ஈக்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு முள்.

"ஏனுங்க மொதலாளி, ஒரு மண்புழுவக் கோத்தா ஆவாதுங்களா?" என்றார் டிரைவர் ஜெரோம்.

"உஷ்! புழு போடறது 'அநாகரிகமாம்'ப்பா. மீனை ஏமாத்துனாலும் கௌரவமா ஏமாத்தோணுமாம்."

முதல் வீச்சில் கதிர்வேல் தம் சட்டைக் காலரைப் பிடித்தார். இரண்டாவதில் ஜெரோமின் தொப்பியை. ஹென்ரிக்குக்கோ அரை மணியில் புள்ளி போட்ட மீன் ஒன்று மாட்டியது. கையை நனைத்துக்கொண்டு அதை ஏந்தினார். முள்ளைக் கழற்றினார். தண்ணீரில் விட்டார்.

"ஐயோ, உட்டுப்போட்டாருங்களே!" என்று பாய்ந்த ஜெரோமைக் கதிர்வேல் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சுத்தமான தண்ணீரில்தான் ட்ரவுட் உயிர்வாழும்" என்று ஹென்ரிக் கண்கலங்கினார். "தண்ணீரை நேசிக்காதவர்களோடு நான் வியாபாரம் செய்வதில்லை."

கதிர்வேலும் கண்கலங்கினார். அந்தக் குளிரில் அது சுலபமாகவே இருந்தது.

மறுநாள் பட்டறை. பின்கதவைத் திறந்தால் நொய்யல்.

"கொல்லையிலேயே ஆறா!" என்று ஹென்ரிக் தூண்டிலோடு இறங்கிவிட்டார். பட்டறைக் குழாய் அன்று கருநீலத்தை நேரே ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. கதிர்வேல் ஜெரோமைத் தனியே இழுத்தார்.

"ஆர்டர் போச்சு, ஜெரோமு. இப்ப என்னப்பா பண்றது?"

"நான் மாதாவ வேண்டிக்கறனுங்க. நீங்க மாரியாத்தாவ வேண்டிக்குங்க."

ஹென்ரிக் வெள்ளை ஈ ஒன்றை வீசினார். இழுத்தபோது அது கருநீலமாக வந்தது. அவர் முகம் இறுகியது. குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரில் அதைக் கழுவினார். மறுபடி கழுவினார். சோப்புக் கேட்டு வாங்கித் தேய்த்தார். கைக்குட்டையில் வைத்து அழுத்தினார். ஈ கருநீலமாகவே இருந்தது; கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

கதிர்வேலின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"எண்பதாயிரமாகப் போட்டுக்கொள்ளுங்கள், மிஸ்டர் கதிர்வேல். எங்கள் நாட்டில் எந்த ஆற்றிலும் இந்தத் தரம் கிடையாது!"